நிழலும் குரலும்: யாவாவின் தோற்பாவைக் கூத்து புதிய ஊடகங்களிற் புகுந்த வரலாறு

மணிமேகலையை ஓதிய மாணவர் சாவகநாட்டை மறந்திரார். ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்துப் புண்ணியராசனாய் அரசு புரிந்த நாடு அது. அச்சாவகம் இன்றைய யாவாத் தீவே என அறிஞர் பலர் கொள்வர். அந்நாட்டிற்கும் பாரத நாட்டிற்கும் இருந்த பழந்தொடர்பினைக் கோயில்களிலும் சாசனங்களிலும் தேடுவோர் உளர். ஆயின் பிரம்பானன் கோயிலின் கற்சிற்பங்களிலும் பார்க்க உயிரோட்டமுள்ள சான்றொன்று அங்கு உண்டு. எருமைத் தோலிற் செதுக்கிய பீமனும் அருச்சுனனும் கர்ணனும் விளக்கொளியில் இரவு முழுவதும் பேசியும் பொருதும் அழுதும் மக்களை விழித்திருக்கச் செய்யும் தோற்பாவை நிழற்கூத்தே அது. அதனை யாவானியர் 'வாயாங் கூலித்' என்பர். இன்று அத்தீவின் மக்களுள் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். எனினும் பாண்டவர் கதையைத் தம் முன்னோர் கதையாகவே அவர் போற்றி வருதல் நோக்கற்பாலது.

இக்கலையின் பழைமை ஐயத்திற்கு இடமற்றது. கி. பி. 907 ஆம் ஆண்டில் பாலிதுங் என்னும் மன்னன் காலத்திற் பொறிக்கப்பட்ட சாசனமொன்று, தெய்வத்தின் பொருட்டு வாயாங் ஆடப்பட்டதையும் அதிற் பீமனின் இளமைக் கதை கூறப்பட்டதையும் குறிக்கின்றது. பதினோராம் நூற்றாண்டில் ஐர்லங்க மன்னன் அவையில் இருந்த கன்வர் என்னும் புலவர் 'அர்ஜுனவிவாஹ' என்னும் காவியத்தில் இக்கூத்தை உவமையாக எடுத்தாள்கிறார். ஆடுவது செதுக்கிய தோல் என்று அறிந்திருந்தும் மக்கள் அதனைக் கண்டு கண்ணீர் விடுகின்றனர் என்பது அவர் கருத்து. நம் வள்ளுவரும் மரப்பாவையை உவமையாக்கினார். ஆனால் அவர் கண்டது உயிர் இருப்பதாகக் காட்டும் பொய்ம்மையை. யாவாப் புலவரோ அப்பொய்ம்மைக்கு உருகும் மனத்தைக் கண்டார். இருவரும் ஒரே பொருளை இருவேறு பக்கத்தினின்று நோக்கினர் எனலாம்.

ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இக்கலை, கடந்த 90 ஆண்டுகளுள் வானொலி, ஒலிப்பதிவு நாடா, தொலைக்காட்சி, இணையம் என்னும் நான்கு வாயில்களினூடாகப் புதிய மக்களிடம் சென்றது. பழங்கலையைப் புதிய ஊடகத்திற் புகுத்திவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்று நம் நாட்டிலும் பலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்று எவ்வளவுக்கு உண்மை என்பதை ஆராய யாவாவின் வரலாற்றைப் போல வாய்ப்பான களம் பிறிதில்லை. அதற்கு முன்னர் அக்கூத்து ஆடப்படும் முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அதனை அறியாதார்க்குப் பின்வரும் மாறுதல்களின் பொருள் விளங்காது.

'கெலிர்' எனப்படும் வெண்டிரை நீளமாகக் கட்டப்படும். அதன் அடியில் வாழைத்தண்டுகள் கிடத்தப்படும். பாவைகளின் கீழ்நுனி எருமைக் கொம்பாற் செய்யப்பட்டது. அதனை வாழைத்தண்டிற் குத்திப் பாவையை நிறுத்துவர். ஒரு தொகுதியில் ஏறக்குறைய 200 பாவைகள் இருக்கும். ஆட்டத்திற்கு வேண்டாதவை திரையின் இருமருங்கும் உருவத்தின் அளவுப்படி வரிசையாகக் குத்தப்பட்டு அணிவகுத்து நிற்கும். நடுவே, கூத்தனின் தலைக்கு மேல், 'பிளென்சோங்' எனப்படும் எண்ணெய் விளக்கு தொங்கும். ஆட்டம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் திரையின் நடுவில் நிற்பது இலைவடிவான 'காயோன்'. மரமும் மலையும் ஒன்றாய்த் தோன்றும் சித்திரம் அது.

இவை அனைத்தையும் இயக்குபவன் ஒருவனே. அவனை 'டாலாங்' என்பர். இரவு ஒன்பது மணியளவில் திரைக்கு முன் சம்மணமிட்டு அமர்ந்தவன் விடியும்வரை எழுவதில்லை. இரு கைகளாலும் பாவைகளை ஆட்டுவான். இடக்கையிற் கொண்ட மரக்கொட்டினால் அருகிலுள்ள பாவைப் பெட்டியைத் தட்டி இசைக்குழுவிற்குக் குறிப்புக் கொடுப்பான். போர்க்களம் வந்தால் வலக்கால் விரல்களாற் பெட்டியில் தொங்கும் உலோகத் தகடுகளை அடித்து ஒலியெழுப்புவான். அரசன், அமைச்சன், அரக்கன், முனிவன், கன்னி, கிழவி ஆகிய அனைவர்க்கும் குரல் கொடுப்பவனும் அவனே. வருணனை சொல்வதும், இடையிடையே சுவைக்கேற்ற பாடல்களைப் பாடுவதும், கமெலான் என்னும் வெண்கல வாத்தியக் குழுவை நடத்துவதும் அவன் தொழில்களே. இரவை மூன்றாகப் பகுத்து ஒவ்வொரு பகுதிக்கும் உரிய இசைநிலையை வகுத்துள்ளனர். நள்ளிரவு கடந்தபின் இரண்டாம் பகுதியில், செமார் என்னும் முதிய ஏவலாளனும் அவன் மைந்தர் காரெங், பெத்ருக், பாகொங் என்பாரும் தோன்றி நகை விளைப்பர். நம் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்யும் பணியை இவர் செய்கின்றனர். ஆயினும் செமார் வெறும் கோமாளியல்லன். மண்ணுலகில் வாழும் தெய்வம் அவன். வியாசர் அறியாத பாத்திரம். பாண்டவர்க்கு அறிவுரை கூறும் உரிமை, பெருவயிறும் தளர்ந்த நடையும் உடைய அவ்வேவலாளனுக்கே அங்கு அளிக்கப்பட்டிருக்கின்றது.

பார்ப்போர் திரையின் இருபுறமும் இருப்பர். ஒருபுறத்தார் நிழலைக் காண்பர். கூத்தன் பக்கத்தில் இருப்போர் பாவைகளின் பொன்னிறத்தையும் வண்ணத்தையும் காண்பர். கூத்தன் முகத்தை எவரும் காண்பதில்லை. அவன் முகம் திரையை நோக்கியது. திருமணம், விருத்தசேதனம், நேர்த்தி முதலியவற்றிற்காக ஒரு வீட்டார் கூத்தை ஏற்பாடு செய்து செலவேற்பர். விருந்தினர் உண்பர், உறங்குவர், விழிப்பர், மீண்டும் காண்பர். ஊரார் அழைப்பின்றியே வந்து நிற்பர். கட்டணம் என்பது பழைய வழக்கில் இல்லை.

இக்கலையில் முதலிற் கைவைத்தவை கருவிகள் அல்ல, பள்ளிக்கூடங்கள். கூத்துத் தொழில் தந்தையினின்று மைந்தனுக்கு வாய்மொழியாக வந்தது. 1923 இல் சுராகர்த்தா அரண்மனையின் ஆதரவிலும் 1925 இல் யோக்யகர்த்தாவிலும் டாலாங்குகளைப் பயிற்றும் பாடசாலைகள் நிறுவப்பட்டன. 1931 இல் சுராகர்த்தாவின் மற்றோர் அரண்மனையாகிய மங்குநெகாரனிலும் அத்தகைய பாடசாலை தோன்றிற்று. எழுதிய பாடமும் வரையறுத்த முறையும் இவற்றால் வந்தன. 'அரண்மனை முறை', 'நாட்டுப்புற முறை' என்ற பாகுபாடு இதனால் வலுப்பெற்றது. பின்வந்த ஊடகங்கள் அனைத்தும் இப்பாகுபாட்டின் மேலேயே தம் வேலையைச் செய்தன என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

மங்குநெகாரன் அரண்மனையின் தலைவர் ஏழாம் மங்குநெகாரா. வாயாங் கூத்தின் உட்பொருளையும் அதிலுள்ள யோகக் குறிப்புக்களையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1933 ஆம் ஆண்டில் ஒல்லாந்த மொழியில் வெளிவந்தது. இன்றும் அதனை ஆய்வாளர் எடுத்துப் படிப்பர். அதே 1933 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் நாள் அவர் ஆதரவுடன் சோலோ நகரில் ஒரு வானொலிச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில், நாட்டு மக்கள் தாமே தம் கலைகளை ஒலிபரப்புவதற்கு அமைத்த முன்னோடி நிலையம் அது. திரைமறைவில் உறையும் மெய்ப்பொருளை விளக்கிய கையே அலைவரிசைக்கும் அடிகோலிற்று. மரபைப் போற்றுவோர் புதுமையை வெறுப்பர் என்று பொதுவாகக் கருதும் நமக்கு இம்மனிதர் ஒரு வியப்பு.

அச்சங்கத்தின் ஆற்றல் 1937 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் நாள் உலகறிய விளங்கிற்று. அன்று ஒல்லாந்தின் ஹேக் நகரில் யூலியானா இளவரசியின் திருமணம். மங்குநெகாராவின் மகள் நூருல், 15 வயதுச் சிறுமி, வில்கெல்மினா அரசியின் முன் யாவா நடனம் ஆடினாள். ஆனால் கமெலான் குழு கப்பலேறவில்லை. சோலோ அரண்மனையில் வாத்தியங்கள் முழங்க, அவ்வொலி வான்வழியே கடல்பல கடந்து சென்று அவள் காலடிக்குத் தாளமாயிற்று. ஆடுவோளும் இசைப்போரும் ஒருவரை ஒருவர் காணாமல் ஒரு கலையை நிகழ்த்தினர். கூத்து, நடனம், இசை என்பன ஓரிடத்தில் ஒருங்கே நிகழவேண்டும் என்னும் கட்டு அன்று அவிழ்ந்தது.

நிழற்கூத்தை வானொலியில் ஒலிபரப்புவது நகைப்பிற்கிடமான செயல் எனத் தோன்றலாம். நிழலே இல்லாத நிழற்கூத்து எங்ஙனம்? இக்கட்டுரையாளனுக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் யாவானியர் இதனைக் குறையாகக் கருதவில்லை. டாலாங்கின் கலையிற் பாதிக்கு மேற்பட்டது குரல். ஒவ்வொரு பாத்திரத்தின் குரலும் கமெலானின் சுரங்களை ஒட்டி இன்ன உயரத்தில் இன்ன நடையில் ஒலிக்கவேண்டும் என்பது வரையறை. அருச்சுனன் தாழ்ந்து மென்மையாகப் பேசுவான். யாவா மொழியில் உயர்ந்தோரிடம் பேசும் மொழியும் ஒத்தோரிடமும் தாழ்ந்தோரிடமும் பேசும் மொழியும் வெவ்வேறு, சொற்களே மாறிவிடும். பீமனோ தேவர்களிடத்தும் தாழ்ந்த வழக்கையே பேசுவான். கடலின் நடுவே தன் உள்ளுறையும் இறைவனாகிய தேவருசியைக் கண்டபோது மட்டும் பணிந்த மொழி பேசுவான். இத்தகைய நுட்பம் கண்ணுக்குரியதன்று, செவிக்குரியது. பெட்டியில் விழும் கொட்டும் தகட்டோசையும் போர் நடப்பதைச் சொல்லிவிடும். பாவைகளின் உருவமோ கேட்போர் அனைவர் மனத்திலும் பிள்ளைப் பருவந்தொட்டுப் பதிந்தது. எனவே வானொலி கேட்டவர் தத்தம் மனத்திலே ஒரு திரை கட்டிக்கொண்டனர்.

1945 செப்டம்பர் 11 இல், விடுதலைப் பிரகடனம் செய்து ஒரு திங்கள் நிறையுமுன்னரே, இந்தோனேசியக் குடியரசின் வானொலி நிறுவப்பட்டது. அதன் சோலோ, யோக்யகர்த்தா நிலையங்கள் முழு இரவுக் கூத்துக்களை ஒழுங்காக ஒலிபரப்பி வந்தன. யோக்யகர்த்தாவில் அரண்மனையின் தென்முற்றத்து மண்டபத்தினின்று திங்கள்தோறும் சனிக்கிழமை இரவில் நிகழ்ந்த ஒலிபரப்பு பல ஆண்டுகள் பேர்பெற்று விளங்கிற்று. மண்டபத்திற்கு வந்தோரினும் வீட்டிற் படுத்தவாறே கேட்டோர் பன்மடங்கினர். ஓர் ஊரின் டாலாங்கு ஒரு நாட்டின் டாலாங்கு ஆகும் நிலை இவ்வாறு பிறந்தது.

அந்நிலைக்கு முதற்பெரும் எடுத்துக்காட்டு கி நார்த்தோசப்தோ. 1925 இல் கிளாத்தென் பகுதியிற் பிறந்தவர். டாலாங்குகளின் குடியிற் பிறந்தவரல்லர். செமாராங் நகரில் மனிதர் நடிக்கும் வாயாங் நாடகக் குழுவொன்றில் மத்தளம் வாசித்தவர். 1958 ஏப்ரல் 28 ஆம் நாள் ஜகார்த்தாவில் 'கிரெஸ்ன தூத' என்னும் கதையை முதன்முறையாக ஆடினார். கிருஷ்ணன் தூதே அது. அவ்விரவு வானொலி அதனை நேரே ஒலிபரப்பியது. காலையில் அவர் நாடறிந்த டாலாங்கு. குலவழி வாராத ஒருவர் ஓரிரவில் இத்தகுதி பெறுதல் வானொலி இல்லாத காலத்தில் இயல்வதன்று. 1969 இல் 'சோண்டோங் ராவோஸ்' என்னும் தம் இசைக்குழுவை அமைத்தார். புதிய பாடல்களை இயற்றினார். ஒரு வீரனின் வாழ்வைப் பிறப்பு முதல் முடிவுவரை ஓரிரவிற் கோத்துரைக்கும் புதுவகைக் கதைகளையும் ஆக்கினார். பீமன் சரிதம் அவற்றுள் ஒன்று. மரபை மீறினார் என்ற பழி அவர்மேற் பல முறை வந்தது. 1985 இல் அவர் மறைந்தபோது அப்பழி கூறுவார் அருகி, அவர் முறையே மரபு என்பார் பெருகியிருந்தனர்.

இதற்குக் காரணம் ஒலிப்பதிவு நாடா. சோலோ நகரில் 1956 இல் அரசாங்கம் நிறுவிய லொகானந்தா என்னும் ஒலிப்பதிவு நிலையமும் பின்னர்த் தனியார் நிறுவனங்களும் 1970 களில் முழுக் கூத்துக்களையும் நாடாவிற் பதிந்து விற்றன. ஒரு மணி நேர நாடா எட்டுச் சேர்ந்தால் ஓர் இரவு. அவ்வெட்டையும் ஒரு பெட்டியிலிட்டுக் கடையில் வைத்தனர். ஆயிரமாண்டுக் காலம் விடிந்தவுடன் மறைந்துபோன ஒன்று அப்போதுதான் மறையாத பொருளாயிற்று.

இதனால் விளைந்த நன்மை பெரிது. கூத்துக் குடியிற் பிறவாத இளைஞன் ஒருவன், ஆசிரியன் இல்லாமலே, நார்த்தோசப்தோவின் நாடாவை நூறு முறை ஓடவிட்டு அவர் வருணனையையும் பாட்டையும் நெட்டுருச் செய்தான். முன்னர் ஒரு குடும்பத்தின் காப்பில் இருந்த வித்தை கடைத்தெருவுக்கு வந்தது. கூத்தை நிகழ்த்தும் பொருள்வசதி இல்லாத ஏழைவீட்டார், மணநாளில் நாடாவை ஒலிபெருக்கியிற் போட்டு ஊர் முழுவதும் கேட்கச் செய்தனர். கூத்தில்லாத வீட்டிற்கும் கூத்தின் ஒலி வந்தது.

ஆயினும் அந்த ஏழைவீட்டார் நாடா வருமுன்னர் என் செய்தனர் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். அவருட் சிலராயினும் அயலூரிலிருந்த சிறு டாலாங்கு ஒருவரைச் சிறு தொகைக்கு அமர்த்தியிருப்பர். அவர் குரல் நார்த்தோசப்தோவின் குரல்போல இனிதாய் இராது; பாவைகள் பழையன, இசைக்குழு சிறிது. ஆனால் அவ்வூர்க் குளத்தையும் அவ்வூர்த் தலைவனின் கருமித்தனத்தையும் பெத்ருக்கின் வாயில் வைத்துப் பேச அவரால் இயலும். நாடாவால் இயலாது. நாடாவைக் கேட்டுப் பழகிய செவிகள், நேரில் வந்த சிறு டாலாங்கையும் நாடாவோடு ஒப்பிட்டு நோக்கின. அவரும் பிழைப்பதற்காகப் பெயர்பெற்றவரின் நடையைப் பின்பற்றினார். ஊருக்கு ஊர் வேறுபட்ட முறைகள் தேய்ந்து சோலோ முறை எங்கும் பரவியமைக்கு அரண்மனைப் பள்ளிகள் விதையிட்டன. நாடா நீர் பாய்ச்சிற்று. இதனைக் கேடு என்றே இக்கட்டுரையாளன் கருதுகின்றான். சிறந்த ஒரு குரல் எட்டாத இடமெல்லாம் எட்டியது உண்மையே. அதன் விலை பல குரல்கள்.

அரசாங்கமும் இவ்வூடகத்தின் வலியை அறியாதிருக்கவில்லை. விடுதலைப் போர்க் காலத்திலேயே, 1947 இல், தலைவர்களையும் படைவீரரையும் பாவைகளாக்கிச் செய்தி பரப்பும் புதுவகை வாயாங் ஒன்று ஆக்கப்பட்டது. மக்கள் அதனைப் பெரிதும் விரும்பினாரல்லர். அருச்சுனன் இருந்த திரையிற் கோட்டும் தொப்பியும் அணிந்தவர் தோன்றுவது அவர் நெஞ்சிற் படியவில்லை. சுகார்னோவோ தம் மேடைப்பேச்சுக்களில் வாயாங் வீரரையே எடுத்தாண்டார். அவர் பெயரிலுள்ள கர்ணன் நம் கர்ணனே. 1966 மார்ச் 11 இல் சுகார்த்தோ அதிகாரம் பெற்ற ஆணைப்பத்திரத்தின் சுருக்கப் பெயர் 'சூப்பர்செமார்' என அமைந்தது; முதிய செமாரின் அருள் தம் பக்கம் என்று மக்கள் எண்ணுமாறு அச்சொல்லைப் பொருத்தினர். பின்னர் 1998 வரை நிலவிய அவர் ஆட்சியில், குடும்பக் கட்டுப்பாடு முதலிய அரசாங்கக் கருத்துக்களைக் கோமாளிகளின் வாயிலாகக் கூறுமாறு டாலாங்குகள் தூண்டப்பட்டனர். இதனை நீட்டித்துரைத்தல் வேண்டா.

சோலோவிலிருந்த கலைக்கழகத்தில் கெந்தோன் குமார்தானி என்பார் 1970 களில் வேறொரு வழி கண்டார். எட்டு மணிநேரக் கூத்தினின்று வழக்கமாகச் சொல்லப்படும் நீண்ட வருணனைகளையும் திரும்பத்திரும்ப வரும் காட்சிகளையும் களைந்து, கருத்துச் செறிந்த குறுங்கூத்தாக ஆக்குவதே அவ்வழி. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிக் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியதை அறிந்தோர்க்கு இம்முயற்சியின் நோக்கம் எளிதில் விளங்கும். யாவாவில் இக்குறுங்கூத்துக் கற்றோர் போற்றுதலைப் பெற்றது. நாட்டுப்புறத்து மணவீட்டை வெல்லவில்லை. விடியும்வரை விழித்திருத்தல் அங்கு கூத்தின் ஒரு பகுதி. விருந்தினரை நள்ளிரவில் வீட்டுக்கு அனுப்பும் கூத்தினால் மணவீட்டாருக்கு என்ன பயன்?

மின்சாரம் வந்து எண்ணெய் விளக்கை நீக்கிற்று. பிளென்சோங்கின் சுடர் காற்றில் அசையும்தோறும் நிழலும் மூச்சு விடுவதுபோல் அசையும். மின்விளக்கின் நிழல் அசையாது, கூர்மையாகத் தெரியும். இம்மாறுதலைச் சிறிதென்று கருதுவோர் உளர். ஆயின் அதனோடு கூடவே பார்ப்போரும் இடம்பெயர்ந்தனர். நிழற்பக்கத்தை விட்டு, பொன்பூசிய பாவைகளும் இசைக்குழுவும் தெரியும் டாலாங்கின் பக்கத்திற்கே பெருங்கூட்டம் வந்து சேர்ந்தது. டாலாங்கின் பின்னே திரையை நோக்கியிருந்த பாடகியர், வலப்புறத்தில் வரிசையாக அமர்ந்து கூட்டத்தை நோக்குவாராயினர். நிழற்கூத்து மெல்லமெல்லப் பாவைக்கூத்தாகவும் இசையரங்காகவும் மாறலாயிற்று.

தொலைக்காட்சி இம்மாறுதலை முற்றுவித்தது. இந்தோனேசியாவில் அரசாங்கத் தொலைக்காட்சி 1962 இற் தொடங்கிற்று. 1990 களின் நடுவிலே இந்தோசியார் என்னும் தனியார் நிலையம் வாரந்தோறும் முழு இரவுக் கூத்தை ஒளிபரப்பலாயிற்று. வணிக நிலையமொன்று எட்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கியது எங்கும் காண்டற்கரிய செய்தி. படப்பெட்டியின் கண் ஓரிடத்தில் நிலைத்து நில்லாது. பாவையை அருகிற் காட்டும். உடனே பாடகியின் முகத்தைக் காட்டும். பின் எவரும் காணாதிருந்த டாலாங்கின் முகத்தைக் காட்டும். நூற்றாண்டுகளாக முதுகை மட்டும் காட்டியிருந்த கூத்தன் முகம்பெற்றான். முகம் பெற்றவன் நட்சத்திரமாதல் இயல்பே. 1948 இற் பிறந்த கி மாந்தெப் சூதர்சோனோ, பாவைகளைச் சுழற்றும் விரைவினாற் 'பேய் டாலாங்' எனப் புகழப்பட்டவர். சண்டைத் திரைப்படங்களைக் கூர்ந்து நோக்கித் தம் போர்க்காட்சிகளுக்கு வேகம் ஊட்டினார். தலைவலி மாத்திரை விளம்பரத்திலும் தோன்றி, பாவைக்கூத்தைப் பாராத நகரச் சிறுவர்க்கும் தெரிந்தவரானார். 2004 இல் செமாராங் வானொலி நிலையத்தில் ஒரு நாளுக்கு மேல், 24 மணி 28 நிமிடம், இடைவிடாது ஆடிச் சாதனை நிறுவினார். 2021 இற் காலமானார்.

தொலைக்காட்சிக் காலத்தில் நகைச்சுவைக் காட்சிகள் வீங்கின. அரண்மனைப் பணிப்பெண்கள் இருவர் தோன்றும் சிறு காட்சி பாட்டுக் கச்சேரியாக நீண்டது. வெளியிலிருந்து நகைச்சுவை நடிகரும் பாடகியரும் அழைக்கப்பட்டனர். பாண்டவர் காத்திருந்தனர். முதியோர் இதனைக் கண்டு மனம் நொந்தனர். அவர் நோவு நியாயமானதே. எனினும் இக்காட்சிகள் நீண்டதற்கு மின்திரையை மட்டும் குறைகூறல் பொருந்தாது. நேரிற் பார்க்க வந்த கூட்டமும் அவற்றையே விரும்பிக் கேட்டது.

2003 நவம்பர் 7 இல் யுனெஸ்கோ நிறுவனம் வாயாங்கை மானிடத்தின் அருங்கலைகளுள் ஒன்றாக அறிவித்தது. 2018 இல் இந்தோனேசியா அந்நாளைத் தேசிய வாயாங் நாளாக்கியது. இத்தகைய பெருமை ஒரு கலைக்கு வருவது, பெரும்பாலும் அதன் நோய் முற்றியபின் என்பது நாமறிந்ததே. ஆனால் இங்கே நோயாளி எழுந்து நடந்த கதையொன்று உண்டு.

யோக்யகர்த்தாவைச் சேர்ந்த கி செனோ நுக்ரோஹோ 1972 இல் டாலாங்குகளின் குடியிற் பிறந்தவர். சிறுவயதில் மாந்தெபின் ஆட்டத்தைக் கண்டு இத்தொழிலில் மனம் வைத்தார். யோக்யகர்த்தா, சோலோ ஆகிய இரு முறைகளையும் கலந்தாடினார். அவர் கையிற் புகழ்பெற்றது பாகொங். அரசரையும் முனிவரையும் எதிர்த்துக் கேள்வி கேட்கும் துடுக்குப் பாவை. அவர் அன்பர்கள் ஒரு சங்கம் அமைத்து, அவர் ஆடிய இடங்கட்கெல்லாம் படப்பெட்டியுடன் சென்று, யூடியூப் வாயிலாக ஆட்டத்தை அவ்விரவே உலகிற்கு அனுப்பினர். தொலைக்காட்சி நிலையத்தாருக்கு நேரம் பணம். எட்டு மணியை நிரப்ப விளம்பரம் வேண்டும். இணையத்தில் நேரத்திற்கு விலையில்லை. எனவே ஒருபோதும் சுருங்காத முழு இரவுக் கூத்து, விரைவுக்குப் பேர்போன இவ்வூடகத்தில் முழுமையாகவே இடம்பெற்றது. இதனை எவரும் எதிர்பார்த்திரார். ஹொங்கொங், தைவான் முதலிய இடங்களில் வீட்டுவேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் சென்ற யாவானியர், கைப்பேசியில் அதனைக் கண்டு ஊர்நினைவை ஆற்றினர்.

2020 இல் கொள்ளைநோய் பரவியது. மக்கள் கூடுதல் தடுக்கப்பட்டது. திருமணங்கள் நின்றன, கூத்துக்களும் நின்றன. கூத்தை நம்பி வாழ்ந்த இசைஞர் பலர் வருவாயின்றி இருந்தனர். செனோ தம் இல்லத்திலேயே சில வாத்தியங்களையும் சிலரையும் வைத்துக்கொண்டு சிறு கூத்துக்களை ஆடி இணையத்தில் வெளியிட்டார். 'வாயாங் கிளிமென்' என்று அதற்குப் பெயர். எளிய கூத்து என்பது பொருள். அன்பர்கள் தூரதேசங்களிலிருந்தும் பணம் அனுப்பினர்; அது குழுவினர் வயிற்றை நிரப்பிற்று.

இங்கு வரலாறு ஒரு வட்டமாய்த் திரும்பியதைக் காணலாம். பழைய வழக்கில் ஒரு வீட்டார் செலவேற்க, ஊரார் இலவசமாகக் கண்டனர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அரசாங்கமோ வணிகரோ செலவேற்றனர்; பார்ப்போனுக்கும் கூத்தனுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் அற்றுப்போயிற்று. கிளிமென் கூத்தில் மணவீட்டாரின் இடத்தில், உலகெங்கும் சிதறிய ஆயிரம்பேர் ஒருங்கு நின்றனர். ஆனால் நாடாவின் காலத்துக் குறையும் இதில் நீங்கிற்று எனக் கூற முடியாது. இப்பணம் புகழ்பெற்ற டாலாங்குக்கு வந்தது. படம்பிடிக்கும் அன்பர் சங்கம் இல்லாத சிறு டாலாங்கை எவரும் இணையத்தில் தேடவில்லை.

2020 நவம்பர் 3 இல் செனோ, 48 ஆம் வயதில், மாரடைப்பினாற் காலமானார். நோய்க்காலமாயினும் யோக்யகர்த்தா வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் நின்று அவரை வழியனுப்பினர். அவருட் பலர் இளைஞர்; அவர் கூத்தை ஒருநாளேனும் நேரிற் கண்டிராதவரும் அவருள் இருந்திருத்தல் கூடும்.

அவர் ஆடிய இரவுகள் பல முழுமையாகவே இணையத்தில் இருக்கின்றன. அவற்றுட் பாகொங் பேசும் இடங்களைத் தனியே வெட்டி இளைஞர் பகிர்ந்துகொள்கின்றனர். படப்பெட்டி பெரும்பாலும் டாலாங்கின் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தமையால், அவற்றில் நாம் காண்பது செனோவின் தோளும், பொன்பூசிய பாவைகளும், பாடகியர் வரிசையுமே. திரையின் மறுபுறத்தில் விழுந்த நிழல்கள் படமாகக் கிடைப்பது அரிது.